மர்வ் நகரத்து நீர்த் தராசு

க.பொ.த. சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் நாங்கள் அமுக்கம், மேலுதைப்பு என்னும் பகுதிக்கு வரும்போது இரண்டு பெயர்களைத் தவறாமல் உச்சரிக்கிறோம். ஒருவர் ஆக்கிமிடிசு, கி.மு. 212இல் மரணித்தவர். மற்றவர் பஸ்கால், கி.பி. 1623இல் பிறந்தவர். ஒருவரிலிருந்து மற்றவரிடம் போக ஓரிரு பக்கங்களைப் புரட்டினால் போதும். அந்த நேரத்துக்குள் ஆயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு மேற்பட்ட காலம் கடந்துவிடுகிறது. அவ்வளவு காலமும் ஒருவருமே நீரைப் பற்றிச் சிந்திக்கவில்லையா, ஒரு பொருளை நீரில் அமிழ்த்தி நிறுத்துப் பார்க்கவில்லையா என்று ஒரு மாணவன் கேட்டால் ஆசிரியன் என்ன பதில் சொல்வது?

இதற்கு நம்மிடையே இரண்டு வகையான பதில்கள் இருக்கின்றன. ஒன்று, மௌனம். மற்றது, மேடை முழக்கம். மீலாத் விழாக்களிலும் பரிசளிப்பு வைபவங்களிலும் இந்த இரண்டாவது பதிலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். “ஐரோப்பா இருளில் கிடந்தபோது எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்தோம்” என்று ஒருவர் முழங்குவார், சபை கைதட்டும். எதை, யார், எந்த ஊரில், எந்த வருடத்தில், எப்படிக் கண்டுபிடித்தார் என்று அங்கு எவரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. மௌனம் ஒருவருக்குரியதைக் குறைத்து நிறுக்கிறது. முழக்கம் கூட்டி நிறுக்கிறது. இரண்டுமே நிறுவைக் குற்றந்தான்.

இந்த இடைவெளியில் நின்ற ஒரு தராசின் கதையை, என் வாசிப்புக்கு எட்டிய அளவில் இங்கு எழுத முற்படுகிறேன். அது தங்கத்தில் மோசடி செய்பவர்களைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட தராசு. அதனாலேயே ஒரு முறை உடைக்கப்பட்டது. பின்னர் மறுபடியும் கட்டப்பட்டது.

நீர் ஏன் தாங்குகிறது?

கதைக்குள் போகுமுன் விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் எல்லோருக்கும் இது அனுபவத்தில் தெரியும். நிரம்பிய வாளி நீருக்குள் இருக்கும்வரை கயிறு இலேசாக வரும். நீர்மட்டத்தை விட்டு மேலெழுந்ததும் கை கனக்கும். வாளியின் நிறை மாறவில்லை. அதுவரை அதன் ஒரு பகுதியை நீர் தாங்கிக்கொண்டிருந்தது.

தாங்குவதற்குக் காரணம் அமுக்கம். நீரின் அமுக்கம் ஆழத்தோடு கூடும். மூழ்கிய பொருளின் மேற்பக்கத்தை நீர் கீழ்நோக்கி அமுக்குகிறது. கீழ்ப்பக்கத்தை மேல்நோக்கி அமுக்குகிறது. கீழ்ப்பக்கம் கூடுதல் ஆழத்தில் இருப்பதால் மேல்நோக்கிய தள்ளலே வெல்லும். பக்கவாட்டுத் தள்ளல்கள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். எஞ்சுவதுதான் மேலுதைப்பு. அதன் அளவு, அந்தப் பொருள் இடம்பெயர்த்த நீரின் நிறைக்குச் சமம்.

இதிலிருந்து ஒரு பெரிய பிரயோசனம் பிறக்கிறது. 193 கிராம் சுத்தத் தங்கம், அதாவது ஏறத்தாழ 24 பவுன், 10 மில்லிலீற்றர் இடத்தை அடைக்கும். ஆகவே நீருக்குள் அது 183 கிராமாகவே நிறுக்கும். அதே 10 மில்லிலீற்றர் இடத்தை அடைக்க 105 கிராம் வெள்ளி போதும். இப்போது 193 கிராம் நிறையுள்ள ஒரு நகை நீரில் 183 காட்டாமல் 180 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கலந்திருப்பது வெள்ளிதான் என்று தெரிந்தால், நகையைச் சுரண்டாமலும் உருக்காமலும் கணக்கைப் போட்டுவிடலாம்: தங்கம் 124 கிராம், வெள்ளி 69 கிராம். பொன்னுக்குள் ஒளிந்திருப்பதை நீர் சொல்லிவிடுகிறது. மூன்று உலோகங்கள் கலந்திருந்தால் இந்த ஒரு நிறுவை போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிரீடக் கதையும் அதன் சிக்கலும்

சிசிலித் தீவின் சிரக்கூஸ் மன்னன் ஹியரோவின் பொற்கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்பதை ஆக்கிமிடிசு குளியல் தொட்டியில் கண்டுபிடித்து, வீதியில் ஓடினார் என்ற கதையைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. ஆனால் ஆக்கிமிடிசின் நூல்கள் எதிலும் இக்கதை இல்லை. அவர் காலத்துக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக் கலைஞர் எழுதி வைத்தது அது. பாத்திரம் நிறைய நீர் வைத்து, கிரீடத்தை அமிழ்த்தி, வழிந்த நீரை அளந்தார் என்கிறார் விட்ருவியஸ்.

கதையில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு கிலோகிராம் கிரீடம் முழுதும் தங்கமானால் 52 மில்லிலீற்றர் நீரை வெளியேற்றும். அதில் பத்தில் மூன்று பங்கு வெள்ளியானால் 65 மில்லிலீற்றர். வித்தியாசம் 13 மில்லிலீற்றர்தான். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாத்திரத்தில் இது நீர்மட்டத்தை அரை மில்லிமீற்றர் கூட உயர்த்தாது. விளிம்பில் தேங்கி நிற்கும் நீர் அதைவிட அதிகம். 22 வயது இளைஞரான கலிலியோ 1586இல் எழுதிய சிறு நூலொன்றில், ஆக்கிமிடிசைப் போன்ற ஒருவர் இவ்வளவு கரடுமுரடான வழியைக் கையாண்டிருக்க மாட்டார் என்று வாதிட்டு, பொருளை நீருக்குள் தொங்கவிட்டு நிறுக்கும் ஒரு தராசை விவரித்தார்.

கலிலியோவின் தராசு ஐரோப்பிய விஞ்ஞான வரலாற்றில் பேசப்படுகிறது; பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அதற்கு நாலரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே, குராஸானின் மர்வ் நகரில், நீரில் நிறுக்கும் தராசைப் பற்றி எட்டுப் பாகங்கள் கொண்ட முழுநூல் ஒன்று அரபு மொழியில் எழுதப்பட்டிருந்தது. கலிலியோ அதைப் பார்த்தார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அந்நூல் இலத்தீனுக்குப் போகவேயில்லை. “நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்” என்று சொல்ல இங்கு இடமில்லை. இரண்டு காலத்தில் இரண்டு ஊர்களில் ஒரே தேவை ஒரே வழியைக் காட்டியிருக்கிறது.

அல்பீரூனியின் கூம்புப் பாத்திரம்

மர்வ் தராசுக்கு முன்னோடி அல்பீரூனி. 973இல் குவாரிஸ்மில் பிறந்து, பிற்காலத்தில் கஸ்னியில் வாழ்ந்தவர். இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நூலை நம்மவர்கள் நன்கறிவர். உலோகங்களினதும் இரத்தினக் கற்களினதும் கனவளவு விகிதங்களைப் பற்றி அவர் ஆராய்ந்தது அந்தளவுக்குத் தெரியாது.

அவர் உபயோகித்தது கழுத்து ஒடுங்கிய ஒரு கூம்புப் பாத்திரம். அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய். குழாயின் வாய் வரை நீரை நிரப்பி, பொருளை உள்ளே இட்டால், அதன் கனவளவுக்குச் சமமான நீர் குழாய் வழியே வெளியேறித் தராசுத் தட்டில் விழும். இன்றைய ஆய்வுகூடத்தில் யுரேக்கா பாத்திரம் என்று நாம் சொல்வதும் இத்தகையதே. விட்ருவியஸின் அகன்ற பாத்திரத்திலுள்ள குறையை ஒடுங்கிய கழுத்து நீக்கிவிடுகிறது. ஆனால் வேறொரு தொல்லை வரும். மெல்லிய குழாயில் நீர் ஒட்டி நின்றுகொள்ளும்; கடைசித் துளி விழாது. மேற்பரப்பிழுவிசை என்று இன்று இதற்குப் பெயர் இருக்கிறது. பெயர் இல்லாத காலத்தில் பீரூனி இத்தொல்லையைக் கவனித்துக் குழாயின் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். எனது மாணவர்கள் இந்தப் பரிசோதனையைச் செய்யும்போது, அந்தக் கடைசித் துளிக்காக முகவையைத் தட்டுவதையும் ஊதுவதையும் வருடந்தோறும் காண்கிறேன்.

நூறு மித்கால் தங்கம் வெளியேற்றும் நீர் ஐந்தேகால் மித்கால் என்று அக்கால ஏடு கூறுகிறது. நமது கணக்கில் வகுத்தால் 19.05 வரும். இன்றைய பெறுமானம் 19.3. எந்த நீர் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது: குவாரிஸ்மின் ஜுர்ஜானிய்யா நகரில், இலையுதிர் காலத் தொடக்கத்தில் எடுத்த ஜைஹூன் ஆற்று நீர். ஊர் மாறினால் நீர் மாறும்; பருவம் மாறினால் அதன் வெப்பநிலை மாறும்; நீர் மாறினால் விடையும் மாறும். எந்த நிபந்தனையில் அளந்தேன் என்று சொல்லாத அளவு, அளவே அல்ல என்பதை அவர்கள் விளங்கியிருந்தார்கள்.

இரத்தினக் கற்களின் பட்டியல் நம் நாட்டவருக்கு இன்னும் சுவையானது. நீல யாகூத் 3.96, சிவப்பு யாகூத் 3.85, பதக்ஷான் நாட்டு லஃல் 3.58, மரகதம் 2.75 என்று அந்த அளவுகள் நம் கணக்கில் வருகின்றன. யாகூத் என்பது நீலமும் மாணிக்கமும் அடங்கிய இனம். இன்றைய அளவில் ஏறத்தாழ 4.0. லஃல் என்பது ஸ்பினல், ஏறத்தாழ 3.6. செந்நிற ஸ்பினலும் மாணிக்கமும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். இங்கிலாந்தின் அரச கிரீடத்தில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்ற பெயரோடு பதிக்கப்பட்டிருக்கும் பெரிய சிவப்புக் கல் உண்மையில் மாணிக்கமல்ல, ஸ்பினல். இவ்விரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்பதை ஐரோப்பிய விஞ்ஞானம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தெளிவாக வகுத்தது. பீரூனியின் நீரோ அவற்றின் வேறுபாட்டை எண்ணில் காட்டிவிட்டது.

யாகூத் விளையும் நாடாக அவருடைய கனிமநூல் குறிப்பிடுவது ஸரந்தீப்பை, அதாவது நமது இலங்கையை. இரத்தினபுரியின் சேற்றில் கிடைக்கும் கற்களைப் பேருவளைச் சீனன்கோட்டையில் நம்மவர்கள் கண்ணாலும் கையாலும் மதிப்பிட்டு வந்திருக்கிறார்கள். கல்லின் தன்னீர்ப்பைப் பார்த்து இனம் பிரிக்கும் முறை இன்றும் இரத்தினக்கல் ஆய்வுகூடங்களில் கையாளப்படுகிறது. அந்த முறையின் வரலாற்றில் நமது மண்ணின் கற்களும் இடம்பெற்றிருக்கின்றன என்பது கவனத்திற்குரியது.

உடைக்கப்பட்ட தராசு

இலக்கிய வட்டத்தினர் உமர் கையாமை ருபாஇய்யாத்தின் கவிஞராகவே அறிந்திருக்கிறோம். தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு பொருளை நீரில் நிறுத்து, ஒவ்வொன்றின் பங்கையும் கணிப்பது எப்படி என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த எழுத்து, பின்னால் நான் சொல்லப்போகும் மர்வ் நூலுக்குள் சேர்க்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது.

கையாமின் காலத்தவர் அல்முழப்பர் அல்இஸ்பிஸாரி. ஆக்கிமிடிசின் தராசு என்று அறியப்பட்டிருந்த நீர்த் தராசை எடுத்துக்கொண்டு, நகர்த்தக்கூடிய இரண்டு தட்டுகளைச் சேர்த்து, கோலில் உலோகங்களுக்கான குறிகளையும் அமைத்தார். கலப்படத்தைக் கண்டறிவதற்கு ஒவ்வொரு தடவையும் நீண்ட கணக்குப் போடத் தேவையில்லை. தட்டை உரிய குறியில் வைத்தால் தராசே காட்டிக்கொடுக்கும். இதற்கு ‘மீஸானுல் ஹிக்மா’, அதாவது ‘ஞானத்தின் தராசு’ என்று பெயரிட்டவரும் அவரே.

அந்தத் தராசுக்கு நேர்ந்ததைப் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ளஹீருத்தீன் அல்பைஹகி தமது அறிஞர் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். (இவர் ஹதீஸ்கலை அறிஞரான இமாம் பைஹகி அல்லர்.) இஸ்பிஸாரி பல காலம் உழைத்துச் செய்த தராசு சுல்தானின் கருவூலத்துக்குப் போயிற்று. கருவூலத்தின் பொறுப்பாளருக்கு அச்சம் பிடித்தது. இந்தத் தராசு அங்கு இருக்குமானால், கருவூலத்திலுள்ள பொன்னில் தான் செய்த மோசடி வெளிப்பட்டுவிடும். அவர் தராசை உடைத்து, அதன் பாகங்களைச் சிதறடித்துவிட்டார். செய்தியைக் கேட்ட இஸ்பிஸாரி நோயுற்று, அந்தக் கவலையிலேயே மரணித்தார் என்கிறார் பைஹகி.

இந்தச் சம்பவத்தை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஒரு விஞ்ஞானக் கருவி பிழையாக அளந்ததற்காக உடைக்கப்படுவது விளங்கிக்கொள்ளத்தக்கது. இது சரியாக அளந்ததற்காக உடைக்கப்பட்டது. திரவங்கள் பொருட்களின் மீது பிரயோகிக்கும் விசை என்ற, வெறும் பரீட்சை வினாவாக நாங்கள் சுருக்கி வைத்திருக்கும் விஷயத்துக்கு ஒரு மனிதரின் உயிர் விலையாகப் போயிருக்கிறது.

அடிமையாக வந்த அறிஞர்

உடைந்த தராசை மீண்டும் கட்டியெழுப்பியவர் அப்துர் ரஹ்மான் அல்காஸினி. அவர் அரபியுமல்லர், பாரசீகருமல்லர். ரோம நாட்டிலிருந்து, அதாவது பைஸாந்தியக் கிரேக்கர்களிடையேயிருந்து, சிறுவனாக மர்வுக்கு வந்த அடிமை. அவரை வைத்திருந்தவர் அலி அல்காஸின் அல்மர்வஸி. காஸின் என்றால் கருவூலக் காப்பாளர். காஸினி என்ற பெயரே அந்த எசமானிடமிருந்து வந்தது. எசமான் அந்தச் சிறுவனுக்குக் கணிதத்தையும் வானியலையும் தத்துவத்தையும் கற்க வழிசெய்தார். ஒரு கருவூலக்காரர் உடைத்த தராசை, இன்னொரு கருவூலக்காரர் படிக்கவைத்த அடிமை திரும்பவும் நிமிர்த்தினார் என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

காஸினி ஹிஜ்ரி 515இல், அதாவது 1121-22இல், ‘கிதாபு மீஸானில் ஹிக்மா’வை ஸெல்ஜூக்கிய சுல்தான் ஸன்ஜரின் கருவூலத்துக்காக எழுதினார். அவருடைய வாழ்க்கையைப் பற்றியும் பைஹகி ஒரு செய்தி தருகிறார். சுல்தான் ஆயிரம் தீனார் அனுப்பியபோது காஸினி அதைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். கையில் பத்து தீனார் இருக்கிறது. வருடத்துக்கு மூன்று தீனார் போதும். வீட்டில் ஒரு பூனையைத் தவிர வேறெவரும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பொன்னை நிறுக்கும் கலையில் அக்காலத்தில் அவருக்கு நிகரில்லை. அப்படிப்பட்டவருக்குப் பொன் தேவைப்படவில்லை.

நூலின் முன்னுரை நீதியைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. மனிதரிடையே நீதியை நிலைநிறுத்துவன மூன்று என்கிறார்: இறைவேதம், நேர்வழி நின்ற தலைவர்களும் அறிஞர்களும், தராசு. இதன் பின்னர் அவர் செய்வதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. தமக்கு முன் இந்தத் துறையில் உழைத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நிறுத்துகிறார். ஆக்கிமிடிசு வருகிறார், மெனலாஸ் வருகிறார், அர்ராஸி, பீரூனி, கையாம், இஸ்பிஸாரி எல்லோரும் வருகிறார்கள். திரவங்களின் தன்னீர்ப்பை அளக்கும் மிதவைக் கருவியை விவரிக்கும்போது, இது ரோமரான பாப்புஸின் கருவி என்று சொல்லிவிடுகிறார். இவர்களில் சிலர் முஸ்லிம்கள், சிலர் அல்லர். எவருடைய பங்கும் இன்னொருவர் தட்டில் போடப்படவில்லை.

தராசில் ஐந்து தட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்று நீருக்குள் தொங்கும். இந்தத் துறையில் தமக்கு முன்னோர் எடுத்த அளவுகளையும் சேர்த்து அவர் தரும் பட்டியல் நீளமானது. இரசம் 13.56, ஈயம் 11.32, வெள்ளி 10.30, செம்பு 8.66, இரும்பு 7.74, வெள்ளீயம் 7.32. இவற்றை இன்றைய பாடநூலோடு ஒப்பிட்டால் இரசமும் ஈயமும் வெள்ளீயமும் அநேகமாகப் பொருந்திவிடும். மற்றவை இரண்டு மூன்று சதவீதத்துக்குள் நிற்கும். திரவங்களும் பட்டியலில் உள்ளன. சூடான நீர் 0.958 என்கிறார். கொதிநிலையில் நீரின் இன்றைய அளவும் அதுவே. ஒலிவ எண்ணெய் 0.920, அதுவும் சரி. நீருக்குப் பொருந்தும் விதி காற்றுக்கும் பொருந்தும் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். அடர்த்தி கூடிய காற்றில் ஒரு பொருள் சற்றுக் குறைவாக நிறுக்கும் என்பது அவரது கூற்று. மேலுதைப்பு திரவங்களுக்கு மட்டுமன்றி எல்லாப் பாயிகளுக்கும் உரியது என்று நாம் இன்று கற்பிப்பதன் சாரம் இதுதான்.

அவர்கள் எட்டாத எல்லை

இங்கேதான் முழக்கக்காரர்களிடமிருந்து நான் விலகி நிற்க வேண்டியிருக்கிறது. காஸினி மேலுதைப்பை மிக நுட்பமாக அளந்தார். அதற்குக் காரணமான அமுக்கத்தை இன்று நாம் விளங்கும் விதத்தில் அவர் வகுக்கவில்லை. காற்று பொருட்களைத் தாங்குகிறது என்றார். காற்று நம்மை அமுக்குகிறது என்று சொல்லவில்லை. பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் வால்வுகளையும் வடிகுழாய்களையும் கொண்டு அற்புதமான கருவிகளை அமைத்தார்கள். 1206இல் நூலை நிறைவுசெய்த அல்ஜஸரி உறிஞ்சுகுழாயுடன் கூடிய இரட்டை உருளைப் பம்பியை விவரித்தார். ஆயினும் நீர் குழாயில் ஏறுவது வெளிக்காற்றின் அமுக்கத்தால் என்ற விளக்கம் பின்னாலேயே வந்தது.

ஒல்லாந்து மொழியில் எழுதிய சிமோன் ஸ்டெவின், 1586இல், அதாவது கலிலியோவின் தராசு எழுதப்பட்ட அதே வருடத்தில், பாத்திரத்தின் அடியில் நீர் தரும் அமுக்கம் பாத்திரத்தின் வடிவத்தைப் பொறுத்ததல்ல, ஆழத்தைப் பொறுத்தது என்று காட்டினார். தொரிசெல்லி 1640களில் இரசம் நிரப்பிய குழாயைக் கவிழ்த்து, காற்றின் அமுக்கம் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் இரச நிரலைத் தாங்குகிறது என்று விளக்கினார். 1648 செப்டெம்பர் 19ஆந் திகதி பஸ்காலின் வேண்டுகோளின்படி அவரது மைத்துனர் பெரியே பாரமானியைப் புய் த தோம் மலைக்குத் தூக்கிச் சென்றார்; உயரம் கூட இரச நிரல் இறங்கியது. காற்றுக்கும் நீருக்கும் ஒரே சட்டம் என்பது அன்று மலையுச்சியில் நிரூபணமாயிற்று. திரவங்களின் சமநிலை பற்றிய பஸ்காலின் நூல், அவர் 1662இல் மரணித்த பின்னர், 1663இல் அச்சேறியது. இந்தப் பெருமை இவர்களுக்கே உரியது. அதில் ஒரு மித்காலையும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

இதே நீதியை வீட்டுக்குள்ளும் கடைப்பிடிக்க வேண்டும். ஸ்டெவினுக்குப் பல நூற்றாண்டுகளின் முன்னரே நமது நாட்டின் பெருங்குளங்களைக் கட்டியவர்கள், ஆழத்து நீரின் அமுக்கத்தை நடைமுறையில் அறிந்திருந்தார்கள். அணைக்கட்டை அடியில் அகலமாக்கியதோடு, மதகின் வழியே சீறிப் பாயும் நீரை அடக்க ‘பிசோகொட்டுவ’ என்னும் சதுரக் கிணற்றறையை அமைத்தார்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட தமது நூலில், நவீன நீர்த்தேக்கங்களின் வால்வுக் கோபுரங்களுக்கு இதையே முன்னோடியாகக் கண்டார். மர்வைப் பற்றிப் பேசும் நாம், சிங்கள முன்னோரின் இந்தச் சாதனையைப் பேசாது விட்டால், காஸினியின் தராசை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தவர்களாவோம்.

நூல் திரும்பி வந்த வழி

காஸினி நூலை எழுதிச் சரியாக நூறு வருடங்களில், 1221இல், மர்வ் நகரம் மங்கோலியரால் அழிக்கப்பட்டது. அந்நகரின் இடிபாடுகள் இன்று துருக்மெனிஸ்தானில் இருக்கின்றன. நூலின் பிரதிகள் எவ்வாறோ தப்பின. தப்ரீஸில் ருஷ்யத் தூதராக இருந்த கானிக்கோவ் என்பவர் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, 1850களின் இறுதியில் அதன் பகுதிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அமெரிக்கக் கீழைத்தேய ஆய்வுச் சஞ்சிகையொன்றில் வெளியிடச் செய்தார். அரபு மூலம் 1940-41இல் நமக்கு அண்மையிலுள்ள ஹைதராபாத்தில், தாயிரத்துல் மஆரிப் நிறுவனத்தினால் அச்சிடப்பட்டது. நாம் மறந்த ஒருவரை உலகுக்கு மீட்டுத் தந்த முதல் உதவி ஒரு ருஷ்யருடையது என்பதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மீட்கப்பட்ட பின்னரும் ஒரு குழப்பம் நேர்ந்தது. ஒளியியல் மேதை இப்னுல் ஹைதமை ஐரோப்பியர் ‘அல்ஹஸன்’ என்பர். அந்தப் பெயருக்கும் ‘அல்காஸினி’க்கும் உள்ள ஒலி ஒற்றுமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிரேப்பர் முதலானோர் ஞானத்தின் தராசை இப்னுல் ஹைதமுடைய நூலாகவே எழுதிவிட்டனர். அத்தகைய நூல்களை ஆதாரமாகக் கொண்ட பேச்சுக்களும் கட்டுரைகளும் நம்மிடையேயும் உலவின. இப்னுல் ஹைதமுக்கு இரவல் புகழ் தேவையில்லை. பூனையோடு தனித்து வாழ்ந்த அந்த முன்னாள் அடிமைக்கோ இந்த ஒரு நூல்தான் பெரும் முகவரி. சமூகப் பெருமையைப் பேசும் அவசரத்தில் நம்மவர் ஒருவரின் உழைப்பையே நம்மவர் இன்னொருவரின் பெயரில் எழுதிவிட்டோம்.

ஆகவே சக ஆசிரியர்களிடம் எனது வேண்டுகோள் சிறியது. மேலுதைப்பைக் கற்பிக்கும்போது ஆக்கிமிடிசுக்குப் பின் பீரூனியையும் இஸ்பிஸாரியையும் காஸினியையும் சொல்லுங்கள். புகழ்வதற்காக மட்டுமல்ல, பரிசோதிப்பதற்காகச் சொல்லுங்கள். ஒரு விற்றராசும், நூலும், நீர் நிறைந்த முகவையும் இருந்தால் போதும். ஈயக் குண்டையும் இரும்பு ஆணியையும் வளியில் ஒரு தடவை, நீரில் ஒரு தடவை நிறுத்து, வரும் விடையைக் காஸினியின் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியலில் பிழைகளும் உண்டு. பனிக்கட்டி 0.965 என்கிறது, உண்மை 0.917. பசுப்பால் 1.110 என்கிறது; உண்மை 1.03க்கு அண்மையானது. பாலில் வந்த பிழையை ஒரு கிராமத்துப் பிள்ளை நீர்மானியைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்கட்டும். முன்னோரின் எண்களைக் கைதட்டி ஏற்பவரைவிட, நிறுத்துப் பார்த்து இது சரி, இது பிழை என்று சொல்லும் அந்தப் பிள்ளையே காஸினியின் வாரிசு.